கொடியில்லாத சனிக்கிழமைகள்

நேற்று மாலை, பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை முடிந்து கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில், ஒரு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மடியில் ஒரு பை. அன்றுதான் அரைத்த மல்லித்தூளாக இருக்க வேண்டும். வறுத்த வாசனை பெட்டி முழுவதும் பரவியது.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நம் கட்சிக் கிளையின் அலுவலகம் மசாலா மில்லுக்கு மேல்மாடியில் இருந்தது. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் சட்டையெல்லாம் மல்லியும் மிளகாயும் மணக்கும். "நம்ம கட்சின்னு மோப்பம் பிடிச்சே கண்டுபிடிச்சிடுவாங்க லா," என்பாய்.

அந்த மாடி இப்போது நம்முடையதல்ல. இதை யாராவது உனக்குச் சொல்ல வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள், நான்தான் சொல்ல வேண்டும்.

*

நாம் சேர்ந்தபோதே கட்சி தோற்றுக் களைத்திருந்தது. முதல் கூட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நரைத்த தலைகள். நம் இருவரைத் தவிர எல்லாருக்கும் மூட்டுவலி. பல்கலைக்கழக நண்பர்கள் கேலி செய்தார்கள். "செத்த வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போறீங்களா?"

"அந்த வீட்டுல இன்னும் ஆளுங்க இருக்காங்கடா," என்றாய்.

எனக்கு அரசியல் என்றால் புத்தகம். உனக்கு லோரி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் கொள்கலன் கம்பெனியில் எந்த லோரி எங்கே போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிற வேலை. நம் பண்டமாரான் வட்டாரத்தில் பாதி வீடுகளின் அப்பாக்கள் உன் குரலைக் கேட்டுத்தான் வண்டி எடுத்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்காகத்தான் இளைஞர் மன்றத்தைத் தொடங்கினாய். சனிக்கிழமை மாலை ஃபுட்சால், குழுவுக்கு ஐவர் ஆடும் கால்பந்து. பையன்களுக்கு ஒரு குழு, பெண்களுக்கு ஒரு குழு. ஆட்டம் முடிந்ததும் மேற்படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது, பிறப்புப் பத்திரத்தில் சிக்கல் என்றால் யாரைப் பார்ப்பது என்று பேச்சு.

மைதானத்தில் கொடி கட்டக் கூடாது. கட்சியில் சேரச் சொல்லி யாரையும் கேட்கக் கூடாது. எந்தக் கட்சி என்று யாராவது நம்மைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் உன் விதி.

"இது மறைக்கிறதில்லையா?" என்று நான் வாதாடினேன். கோட்பாட்டு ரீதியாக.

"கேக்கற வரைக்கும் காத்திருக்கோம். அவ்ளோதான். உனக்குப் பொறுமை இல்ல, அதுக்குப் பேரு கோட்பாடா?"

இணையத்திலும் அப்படித்தான். முதல் காணொளிக்கு நான் எழுதிக் கொடுத்ததை நீ உரக்கப் படித்தாய். "அன்பார்ந்த தமிழ் நெஞ்சங்களே..." அதற்கு மேல் உன்னால் சிரிக்காமல் படிக்க முடியவில்லை. "டேய், இதக் கேட்டா எங்க அம்மாவே தள்ளிவிட்டுட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிடுவாங்க." தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாய். பிறகு லோரிகளுக்கு நடுவே நின்று நீயாகவே பேசினாய். கீழே கேள்வி எழுதிய ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிக் குரல் பதில் அனுப்பினாய், மதியச் சாப்பாட்டு நேரத்தில், வாயில் சோற்றோடு.

*

பிறகு அந்தத் தீபாவளி.

நம் கிளைத் தலைவர் ஆட்டம் பார்க்க ஆசைப்பட்டார் என்று மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவரையும் சேர்த்திருந்தாய். தீபாவளி காலையில் அவர் அதில் ஒரு வாழ்த்துப் படம் போட்டார். மேலே தலைமையகத்து முகங்கள் வரிசையாக. நடுவில் தொகுதித் தலைவர், பெரிதாக, கைகூப்பி. மூலையில் அவர், தபால்தலை அளவில். எங்கேயோ ஒரு விளக்கு. நம் கட்சியில் படம் போடாமல் பண்டிகை வராது. அன்பாகத்தான் போட்டார்.

மதியத்துக்குள் பெற்றோர்கள் ஒவ்வொருவராகக் குழுவைவிட்டு வெளியேறினார்கள். நம்மைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் சிலர்தான். மற்றவர்களுக்கு அந்தப் படம்தான் பதில். ஒரு தாய் மட்டும் போகுமுன் எழுதினார். "இதுக்குத்தான் எங்க பிள்ளைங்களக் கூப்பிட்டீங்களா?"

மறைக்கிறோம் என்று நான் சொன்னது சரிதான் என ஒரு கணம் தோன்றியது. அது ஒன்றும் இனிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு குழுவுக்குக்கூட ஆள் தேறவில்லை. தலைவர் மைதானக் கோட்டுக்கு வெளியே நின்றார். "வாழ்த்துதானம்மா சொன்னேன்?"

நான் வாயைத் திறக்குமுன் நீ திறந்தாய். "அங்கிள், உங்களுக்கு மூளையே இல்லையா? எத்தன மாசம் ஆச்சி தெரியுமா இவங்கள வரவைக்க? உங்க மூஞ்சிய மட்டும் போட்டிருந்தா ஒருத்தரும் போயிருக்க மாட்டாங்க. பக்கத்துல நிக்கறவங்களப் பாத்துத்தான் ஓடறாங்க!"

அவர் சிரித்துவிட்டார். கண் கலங்கியபடி. பிறகு வலையைக் கழற்ற உனக்கு உதவினார்.

மறுநாள் நேரலையில் வந்தாய். "கோவமா இருக்கறவங்க எல்லாம் வாங்க. இன்னிக்கு நான் பேசல, கேக்கறேன்." வந்தார்கள். செமினி ஊரிலிருந்து ஒருவர் உன்னோடு திரையில் இணைந்தார்.

"எலக்ஷன் வந்தா அரிசி மூட்ட. முடிஞ்சா போன எடுக்க மாட்டீங்க. அதான உங்க கட்சி?"

"அந்த அரிசி எங்க வீட்டுக்கும் வந்துச்சி அண்ணே. புழு இருந்துச்சி. பொறுக்கிட்டு ஆக்குனோம்."

"அப்புறம் ஏன் அங்கேயே ஒட்டிக்கிட்டு இருக்க?"

நீ திரைக்கு இன்னும் நெருங்கி வந்தாய்.

"வெளிய நின்னு திட்டறதுக்கு ஆள் நெறைய இருக்காங்க. உள்ள இருந்து திட்ட ஆள் பத்தல அண்ணே."

"திட்டுனா கேக்கறாங்களா?"

"இன்னும் இல்ல."

அவர் சிரித்தார். திரை முழுவதும் சிரிப்புப் பொம்மைகள். பிள்ளைகள் உடனே திரும்பி வரவில்லை. ஆனால் வந்தார்கள். இந்த முறை எந்தக் கட்சி என்று தெரிந்தே வந்தார்கள். சிலர் சேரவும் கேட்டார்கள்.

*

டெங்கிக் காய்ச்சல். ஒரு வாரம்கூட நீ தாங்கவில்லை. மருத்துவமனையிலிருந்து நீ அனுப்பிய கடைசிக் குரல் பதிவில் தத்துவம் எதுவும் இல்லை. "பொண்ணுங்க டீமுக்கு கோல்கீப்பர் கையுறை சின்னதாப் போச்சி. புதுசு பாருடா." வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

நீ போன பிறகும் மன்றம் நடந்தது. காணொளிகளை இப்போது அந்தப் பெண்களே எடுக்கிறார்கள். என் எழுத்தை அவர்களும் ஏற்பதில்லை.

இந்த ஆண்டு தொகுதியிலிருந்து உத்தரவு வந்தது. உறுப்பினர் போதாத கிளைகளைக் கலைத்துப் பக்கத்துக் கிளையோடு சேர்த்துவிடுவார்களாம். தலைவர் என்னைப் பார்க்க பிரிக்ஃபீல்ட்ஸ் வரை வந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு. நுரைத்த தே தாரேக் தேநீர் ஆறும் வரை எதையெதையோ பேசினார்.

"தம்பி, போட்டிக்குப் பேரு கொடுத்த பிள்ளைங்க இருக்காங்கல்ல. அவங்களையே உறுப்பினராப் போட்டுடலாம். எல்லாக் கிளையிலயும் நடக்கறதுதான்."

நான் என் குவளையைத் தள்ளி வைத்தேன்.

"யாருக்கும் நஷ்டமில்ல. கிளை பொழைச்சிக்கும்." குவளையைச் சுற்றினார். "கல்யாணத்துக்கு முன்னேருந்து இந்தக் கிளையில இருக்கேன். அது இல்லன்னா ரோட்டுல என்னை யாரு தலைவரேன்னு கூப்பிடுவா?"

நான் யோசித்தேன் என்பதை உனக்குச் சொல்லியாக வேண்டும். கிளை இருந்தால் தொகுதித் தேர்தலில் நமக்கு வாக்கு. நீ மாற்ற நினைத்ததை மாற்ற ஓர் இடம். பிள்ளைகளுக்குத் தெரியவும் தெரியாது. நீ இருந்திருந்தால் உன்னோடு சண்டை போட்டுத் தோற்றிருப்பேன், அது சுலபம். இப்போது இரண்டு பக்கமும் நானே பேச வேண்டியிருந்தது.

"முடியாது அங்கிள்," என்றேன்.

அவர் தலையசைத்தார். தே தாரேக்கை முழுவதும் குடித்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். தாமாகக் கேட்டுச் சேர்ந்தவர்களின் பெயர்கள் மட்டும் தொகுதிக்குப் போயின. போதவில்லை.

*

கடைசிக் கூட்டம் போன ஞாயிறு. யாரும் உரையாற்றவில்லை. நாற்காலிகளை அடுக்கினோம். மில் ஓடிக்கொண்டிருந்தது, தரை அதிர்ந்தது. தலைவரை நான்தான் காரில் வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

"அந்தப் பிள்ள இருந்திருந்தா கிளை போயிருக்காது," என்றார்.

சிவப்பு விளக்கு.

"அவகிட்டயும் நான் அதக் கேட்டிருப்பேன் தம்பி. பொய் சொல்ல மாட்டேன்."

"தெரியும் அங்கிள்."

"கிழி கிழின்னு கிழிச்சிருப்பா." லேசாகச் சிரித்தார். "நீ திட்டக்கூட இல்ல. முடியாதுன்ன, எந்திரிச்சிப் போயிட்ட. அன்னியிலேருந்து எனக்கு மைதானத்துக்கு வர மூஞ்சி இல்ல."

அவர் சனிக்கிழமைகளில் வருவதில்லை என்பதையே நான் கவனித்திருக்கவில்லை.

நான் சரியாகத்தான் செய்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஒருவரை மறுப்பதும் ஒருவரைக் கைவிடுவதும் என்னிடம் ஒரே மாதிரி இருக்கின்றன. உன்னிடம் அப்படி இல்லை.

அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி நானும் இறங்கினேன்.

"அங்கிள், நீங்க கேட்டது அசிங்கம்."

திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளைங்க உங்களத் தாத்தான்னு கூப்பிடறாங்க. அவங்க பேர அவங்களுக்கே தெரியாம எடுக்கறதா? அதுக்கா இத்தன வருஷம் கட்சியில இருந்தீங்க?" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எதிர்வீட்டு ஆன்டி வாசலுக்கு வந்துவிட்டார். நான் நிறுத்தவில்லை. தீபாவளிப் படம் வரைக்கும் போனேன்.

அவர் வாசல் கேட்டில் கைவைத்து, தலைகுனிந்து, முழுவதும் கேட்டார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"அவ அளவுக்கு இல்ல," என்றார். கேட்டைத் திறந்தார். உள்ளே போனவர் நின்று, திரும்பாமலே கேட்டார்.

"சனிக்கிழம ஆட்டம் எத்தன மணிக்கு?"