வலது தோளுக்குப் பின்னால் ஓர் அலை

2025 அக்டோபர் 5, ஞாயிறு. சேரம்பாடி

ரொனால்ட் எனக்குச் செய்தது அநியாயம். நேற்று கோழிக்கோட்டுக் கடற்கரையில், எல்லார் முன்னாலும், இனி நான் பெரிய அலைக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டான். கரையோர நுரையில், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளோடு போர்டில் நிற்கப் பழக வேண்டுமாம். அறுபத்து மூன்று வயதில். சர்ஃபிங் கிளப் அவனுடையது, சரி. கடலுமா?

காரணம் சசிரேகா, கிளப்பில் ஒரு பெண். அவள் ஏற்கெனவே ஏறி வந்துகொண்டிருந்த அலையில் நான் குறுக்கே எழுந்தேனாம். போர்டுகள் மோதின, அவள் முழங்கையில் சிராய்ப்பு. ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்றேன். கொடுத்தேன் அங்கிள் என்கிறாள். எனக்குக் கேட்கவில்லை.

ரொனால்ட் கூடலூர்க்காரன். "சேட்டா, உங்களுக்குப் பின்னாடி ஆளு வர்றத நீங்க பாக்கறதே இல்ல. நுரை போதும் உங்களுக்கு."

எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? தேயிலை லாரியை விட்டு இறங்கிய பிறகு, கல்யாணமாகிக் கோழிக்கோட்டில் இருக்கும் மகள் லிஜியைப் பார்க்கப் போகும்போதெல்லாம், விழுந்து விழுந்து நானே கற்றது. அதைத்தான் ஒரே வார்த்தையில் பிடுங்கிவிட்டான்.

அக்டோபர் 6

கோபம் இருக்கிறது. ஆனாலும் ஒரு கேள்வி விடமாட்டேன் என்கிறது. நான் ஏன் பார்க்கவில்லை?

வலது காலை முன்னால் வைத்து நிற்பவன் நான். காலமெல்லாம் பிரேக்கை மிதித்த கால், நம்பிக்கை அதன்மேல்தான். அந்தக் கடற்கரையில் அலை வலப்பக்கமாகவே உடைந்து ஓடுகிறது. அதனால் என் முகம் கரையைப் பார்க்கிறது, அலை முதுகுக்குப் பின்னால் எழுகிறது. காலை மாற்றி வையுங்கள் என்று எல்லாரும் சொல்லியாயிற்று. மாற்ற மாட்டேன்.

ஆனால் நான் பார்க்கத்தான் செய்கிறேன். ஒவ்வொரு தடவையும் வலப்பக்கம் பார்க்கிறேன். பின் ஏன்?

அக்டோபர் 7

கழுத்து வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 9

உருளைக் குழாய்மேல் பலகையைப் போட்டு வீட்டிலேயே நின்றேன். மனைவி ஜெஸிந்தாவைப் பின்னால் நிறுத்தி, கையில் ஏதாவது தூக்கிக் காட்டு, என்னவென்று சொல்கிறேன் என்றேன். தக்காளி என்றேன். அவள் கையில் இருந்தது மேராக்காய், அதுதான் சௌசௌ. கரண்டி என்றேன். அதுவும் அதே மேராக்காய்தான்.

"ஏனுங்க, முப்பது வருசம் இந்தக் கண்ண நம்பியா நான் ஊட்டுல நிம்மதியாத் தூங்குனேன்?" என்றாள். இடுப்பை மடிப்பதற்கும் ஒரு குத்தல். "அடுப்பு ஊதற மாதிரி குனியறீங்க."

குனிகிறேன் என்பது உண்மைதான். முழங்கால் மடிய வேண்டிய இடத்தில் இடுப்பு மடிகிறது. பின்பக்கம் வெளியே போகிறது. அலை அதைத்தான் முதலில் பிடித்து இழுக்கும்.

அக்டோபர் 10

கண்டுபிடித்துவிட்டேன். கண்ணாடி!

இன்று ஜீப்பில் உட்கார்ந்து வலப்பக்கம் பார்த்தேன். கழுத்து அசையவேயில்லை. கண் மட்டும் போய்ப் பக்கக் கண்ணாடியைத் தொட்டுத் திரும்பியது. மலைப்பாதையில் எத்தனை கொண்டை ஊசி வளைவு, எல்லாம் இப்படித்தான். இடப்பக்கத்தைக் கிளீனர் மாரிச்சாமி பார்த்துக்கொள்வான், லாரியைத் தட்டுவான். வலப்பக்கத்துக்குக் கண்ணாடி. கழுத்தைத் திருப்ப வேண்டிய அவசியமே வந்ததில்லை.

அலையிலும் நான் கண்ணாடியைத்தான் பார்த்திருக்கிறேன். இல்லாத கண்ணாடியை.

அக்டோபர் 16

கழுத்து மட்டும் திரும்பினால் போதாது. வலது கையை நீட்டி, போக வேண்டிய இடத்தைக் காட்டினால் தோள் திறக்கிறது. தோளோடு இடுப்பு, இடுப்போடு குதிகால். பலகை தானாகத் திரும்புகிறது. பார்ப்பதே ஓட்டுவது போலிருக்கிறது. யாராவது இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா? ரொனால்ட் சொன்னான் என்கிறாள் லிஜி போனில். எனக்கு நினைவில்லை.

இன்று மேராக்காயைச் சரியாகச் சொன்னேன். ஜெஸிந்தா அதைக் குழம்பில் போட்டுவிட்டாள்.

அக்டோபர் 25, சனி. கோழிக்கோடு

நுரைதான். பிள்ளைகளோடுதான். எழுந்தவுடன் திரும்பிப் பார்த்தேன், விழுந்தேன். மறுபடியும். ஏன்? சாப்பாடு இறங்கவில்லை, அதே யோசனை. பிறகு புரிந்தது: அவசரம். முதலில் அலையின் அடிவரை இறங்க வேண்டும், முழங்கால் மடிய வேண்டும், அப்புறம்தான் தோள். வளைவு வருமுன்னே ஸ்டியரிங்கை ஒடித்தால் லாரி எங்கே போகும்?

மாலையில் விழவில்லை. ரொனால்ட் கரையில் நின்றான். நான் அவன் பக்கம் பார்க்கவில்லை.

நவம்பர் 8, சனி. கோழிக்கோடு

லிஜி என்ன பேசினாளோ, ரொனால்ட் ஒரே ஓர் அலை என்று விட்டான்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது, நாளின் மிகப் பெரியது. துழாவினேன், எழுந்தேன், இறங்கினேன், மடிந்தேன். வலது கையை நீட்டித் திரும்பினேன்.

அம்மாடி. என் தோளுக்கு மேலே பச்சையாக ஒரு சுவர். மூன்று வருடமாக இதன்மேல்தான் போய்க்கொண்டிருந்தேனா? அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்தச் சுவரில் சசிரேகா. எனக்கு முன்பே எழுந்து, நேராக என்னை நோக்கி.

விட்டுவிட்டேன். போர்டோடு பின்பக்கம் சாய்ந்தேன், அலை என்னைத் தாண்டிப் போனது. எனக்கென்று தந்த ஒரே அலை அது.

தலையைத் தூக்கியபோது ரொனால்ட் தன் போர்டில் பக்கத்தில் இருந்தான். "இங்கயே இருங்க சேட்டா. அடுத்தது வரும்." அவ்வளவுதான் சொன்னான்.

அதனால் விஷயம் முடிந்துவிடாது. ஆக வேண்டியவை:

ரொனால்ட்: எல்லார் முன்னாலும் விலக்கியவன், எல்லார் முன்னாலும் திரும்பச் சேர்க்க வேண்டும். என் காதில் மட்டும் சொன்னால் போதாது.

ஜெஸிந்தா: மேராக்காயைக் குழம்பில் போடாமல் ஒன்றை எடுத்து வைக்க வேண்டும்.

நான்: குனியக் கூடாது. கழுத்துக்குத் தைலம்.

சசிரேகா: அந்த அலை கடைசியில் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டும். நான் பாதிதான் பார்த்தேன்.