ஈயின் தலையில் கால்

அன்புள்ள அப்பாவுக்கு, பெங்களூரிலிருந்து காசி வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததா?

எங்கள் ஆய்வகப் பழ ஈக்களில் ஒரு புரதம் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு, ‘இங்கே கால் முளைக்கட்டும்’ என்று மரபணுக்களுக்கு உத்தரவிடும். இடம் தப்பித் தலையில் உத்தரவிட்டால், உணர்கொம்புக்குப் பதில் காலே முளைக்கும். அப்படிப்பட்ட ஈக்களை விளையாட்டாக சீனியர் விஜயராஜ் அண்ணன் ஈ வளர்க்கும் குப்பிகளில் கலந்துவிட்டேன். அவருடைய ஆறு மாத உழைப்பு பாழ்.

“ஏலே, ஈ தலையிலயா கால் வைக்க? இந்தா, உன் மூஞ்சில வைக்கேன்” என்று மிதித்தார். பல் இரண்டு போச்சு. உதட்டில் நாலு தையல், துணிச்செலவு இல்லை.

உண்மை தெரிந்தால் இருவரையும் வெளியேற்றுவார்கள். படியில் விழுந்ததாக நிர்வாகத்துக்கு எழுதிக்கொடுத்தேன். இனியும் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து ஈ எண்ணவேண்டும். பேனா எடுக்க அவர் கை தூக்கினாலும் என் தலை தானாகக் குனிகிறது.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வரமாட்டேன். முறுக்கு வேண்டாம், சத்துமாவு அனுப்புங்கள். அம்மாவை வீடியோ காலில் வரவிடாதீர்கள்.

அண்ணன் படியேறி வருகிறார். நிறுத்துகிறேன்.

காசி