மூன்றாம் தாள்

அடி அண்ணாமலை
28-1-81

அன்பு மகன் அருணகிரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம், மாடு கன்று சுகம், உன் தங்கை உண்ணாமலைக்கு இது ஏழாம் மாதம், அவளும் சுகம். நீ மட்டும் சுகமாக இல்லை என்று உன் கடிதத்தின் மூன்றாம் தாள் சொல்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் உன் கடிதம் இங்கே செய்த கூத்தைக் கேள்.

தைப்பூசப் பௌர்ணமி அன்று சாயங்காலம்தான் தபால்காரர் அதை நம் காப்பிக் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். மலை சுற்றுகிறவர்கள் இன்னும் வந்து சேராத நேரம், பெஞ்சில் உன் பெரியப்பாவும் எதிர்வீட்டு எல்லம்மாளும் இன்னும் நாலைந்து பேரும் இருந்தார்கள், 'ஒரக்கப் படி, நாங்களும் கேக்கறோம்' என்று எல்லம்மாள் சொல்ல, நானும் பெருமையாகப் பிரித்து முதல் தாளைப் படித்தேன். அமெரிக்காவில் கால்பந்து பார்க்கப் போனேன் என்று எழுதுகிறாய், ஆனால் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறான், நாலு பேர் மேலே விழுந்து அமுக்குகிறார்கள் என்கிறாய், 'இது நம்ம சடுகுடுதான், பந்து ஒண்ணுதான் ஜாஸ்தி' என்று பெரியப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். தோற்கிறவர்கள் அந்த வருஷத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான் என்ற இடம் வந்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பாதி ஆட்டத்தில் எதிராளிகள் இருபத்து நாலு, உங்கள் ஊர்ப் பிள்ளைகள் பூஜ்யம், குளிரும் தாங்கவில்லை, கூட வந்த சிநேகிதனை விட்டுவிட்டு நான் மட்டும் எழுந்து பஸ் ஏறிவிட்டேன் என்பதோடு முதல் தாள் முடிந்தது. அதற்குள் கூட்டம் வந்துவிட்டது, சுக்குக் காப்பிக்கு நாலா பக்கமும் கை நீண்டது, கடிதத்தைச் சோடாப் பெட்டியில் செருகிவிட்டு நான் அடுப்புக்குப் போனேன், கேட்டவர்களும் எழுந்து போனார்கள். அன்றைக்குக் கூட்டம் ஓய்ந்து நான் படுத்ததுகூட எனக்கு ஞாபகம் இல்லை, கோபித்துக்கொள்ளாதே.

விடிந்தால் நீ அமெரிக்காவில் தோற்றுவிட்டாய் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆடியது யார், பார்த்தது யார் என்று ஒருவருக்கும் அக்கறை இல்லை. மல்லாட்டைச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன அப்பாவிடம் துக்கம் விசாரித்திருக்கிறார்கள். நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு உட்காருவதற்குள் பெரியப்பா வந்து, 'தோத்தது தோத்துட்டான், கெளம்பி வரச் சொல்லு, கொல்லையப் பாத்துக்கட்டும், நம்ம ஜனத்துக்கு அவ்ளோ பெரிய படிப்பெல்லாம் ஒத்து வராதுன்னு அப்பவே சொன்னேன்' என்று ஆரம்பித்தார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. 'உக்காருங்க மாமா, மீதியையும் கேட்டுட்டுப் போங்க' என்று அவரை உட்கார வைத்து, எல்லம்மாளையும் கூப்பிட்டு, தெருவில் போனவர்களையும் நிறுத்தி, இரண்டாம் தாளைக் கோயில் வாசல்வரை கேட்கும்படி படித்தேன்.

பஸ் டிரைவர் வைத்திருந்த ரேடியோவில் உங்கள் பிள்ளைகள் ஏழு, பதினாலு, பதினேழு என்று ஏற ஏற எல்லம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இருபத்து நாலுக்கு இருபத்து நாலு என்றதும் பெரியப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். கடைசி நிமிஷத்தில் எட்டி உதைத்த பந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே போய் மூன்று புள்ளி வந்ததும், டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டி ஹாரன் அடித்தாராமே, இங்கேயும் அதே சத்தம்தான். சத்தம் அடங்கியதும் பெரியப்பா, 'அப்போ நம்ம பையன் அதப் பாக்கவே இல்லியா' என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நீ செய்ததைத்தான் என் கடையில் எல்லோரும் செய்தார்கள், பாதியைக் கேட்டுவிட்டு முழுசும் தெரிந்த மாதிரி எழுந்து போனார்கள்.

அப்புறம் மூன்றாம் தாளைத் திருப்பினேன். வாய் படிப்பதற்குள் கண் படித்துவிட்டது. அக்டோபர் பரீட்சையில் தேறவில்லை, மே மாதம் இன்னொரு தடவை எழுத விடுகிறார்கள், ஆனால் என்னால் முடியாது, மாசி கடைசியில் கிளம்பி வந்துவிடுகிறேன் என்று நாலே வரி. 'எல்லாரையும் கேட்டதா எழுதியிருக்கான், அவ்வளவுதான்' என்று மடித்து மடியில் செருகிக்கொண்டேன். பெரியப்பாவுக்கு முன்னால் அதை என் வாயால் படிக்க மாட்டேன். அப்பாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை.

இருபது வருஷமாக இந்தக் கடையில் இருக்கிறேன். டவுனிலிருந்து மலை சுற்றப் புறப்பட்டவர்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி நம் பெஞ்சில் விழுந்து, காலைப் பிடித்துக்கொண்டு, 'திரும்பிப் போயிட்டா கிட்டவா' என்று கேட்பார்கள். இது சரிபாதி, முன்னால் போனாலும் கோயில் அதே தூரம், பின்னால் போனாலும் அதே தூரம், காப்பியைக் குடித்துவிட்டு முன்னால் போங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். இரண்டு வருஷம் முடித்து இன்னும் இரண்டு வருஷம் பாக்கி வைத்திருக்கிற என் மகனுக்கு மட்டும் வேறு என்ன சொல்ல. உன்னைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காத நாள் உண்டு, நீ வந்து நின்றால் என் கண் குளிரும், அது நிஜம். ஆனாலும் பரீட்சை எழுதாமல் வராதே. மே மாதம் எழுதித் தோற்றுவிட்டு வா, பஸ் ஸ்டாண்டுக்கு மேளம் வைத்து வந்து அழைத்துப் போகிறேன், எவன் என்ன பேசினாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எழுதாமல் வந்தால் தட்டில் சோறு இருக்கும், பேச்சு இருக்காது.

காலையில் வெறும் வயிற்றோடு போகாதே. சனிக்கிழமை மறக்காமல் எண்ணெய் தேய்த்துக் குளி. உன்னைப் போலப் பாதியில் எழுந்து வராத அந்தச் சிநேகிதனை நான் விசாரித்ததாகச் சொல், அவனோடு உட்கார்ந்து படி. அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் உனக்குத் துணை நிற்பார்கள், நீடூழி நன்றாக இரு.

ஏரோகிராமில் பொட்டலம் வைக்க முடியாது என்றுதான் இந்தக் கவர். உள்ளே கோயில் திருநீறு இருக்கிறது, உன் மூன்றாம் தாளில்தான் மடித்திருக்கிறேன். பரீட்சை அன்றைக்குக் காலையில் பிரித்துப் பூசிக்கொள், அதற்கு முன்னால் பிரிக்காதே. பூசிக்கொண்ட பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போ.

இப்படிக்கு,
மே மாதத்துக்குக் காத்திருக்கும் உன் அம்மா,
கா. திரௌபதி