அந்த முழங்கால் பட்டாளத்துடையது அல்ல

அண்ணா,

நேற்று குமாரபாளையத்தில் உங்கள் தெரு வழியாக வந்தேன். தறிக்கூடத்து வாசலில் இரண்டு பெண்கள், அந்த இரைச்சலுக்கு நடுவே, உதட்டை மட்டும் அசைத்துப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியே நின்றுவிட்டேன்.

நீங்களும் தறிக்கூடத்தில் வளர்ந்தவர்தான். உதடு பார்த்துப் பேச்சைப் பிடிக்கும் பழக்கம் பட்டாளத்துக்குப் போகும் முன்பே உங்களுக்கு இருந்தது. பீரங்கிச் சத்தத்தில் காது போன பிறகு அதை வைத்தே சமாளித்தீர்கள். ஓய்வு பெறும்போது மெடிக்கல் போர்டிலும் அதுதான் நடந்தது. டாக்டர் எதிரில் நின்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னீர்கள். ஊனம் மிகக் குறைவு என்று சதவீதம் போட்டுவிட்டார்கள். ஊன ஓய்வூதியம் இல்லை என்றாகிவிட்டது.

மேல்முறையீடு செய்ய யோசனை கேட்டு என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். அண்ணி உங்கள் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"ஏனுங்க, ஊட்ல பொறகால நின்னு தொண்ட கிழியக் கத்துனாலும் திரும்பறதில்ல. அங்க போயி நல்லாக் கேக்குதுன்னு சொல்லிப்போட்டு வந்தீங்களா?"

"ஆபீசர் கேட்டா வேறென்ன சொல்றது அம்முணி?"

"அடுத்த போர்டுல முதுகக் காட்டி நில்லுங்கண்ணா" என்றேன். உங்கள் முகம் சிவந்தது.

"ஆபீசருக்கு முதுகக் காட்டறதா? பேசறான் பாரு பத்திரிகைக்காரன்!"

மறு போர்டு நடந்தபோது நானும் அண்ணியும் வெளியே காத்திருந்தோம். உள்ளே நடந்ததைத் திரும்பி வரும் பேருந்தில் நீங்களே சொன்னீர்கள். உதடு பார்த்துத்தான் கேட்கிறேன், பின்னால் நின்று கேளுங்கள் என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறீர்கள். சொல்லிவிட்டு, விறைப்பாக நின்ற இடத்தைவிட்டு நீங்கள் அசையவில்லை. டாக்டர்தான் உங்களைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். பின்னால் நின்று அவர் என்ன கேட்டார் என்பது கடைசிவரை உங்களுக்குத் தெரியாது.

பிறகு நீங்கள் நொண்டுவதைப் பார்த்து, முழங்காலும் பணியில் அடிபட்டதுதானா என்று விசாரித்திருக்கிறார். இல்லை, ஊருக்கு வந்த பிறகு பவானிப் பாலத்தில் வண்டியோடு விழுந்தது என்றீர்களாம்.

அண்ணிக்குத் தாங்கவில்லை. "அதையுஞ் சேத்திருந்தா என்னவாமா?"

"அது பட்டாளத்துல பட்டதில்லியே அம்முணி. காது அவிங்களுது. முட்டி என்னுது."

பேருந்தில் பலர் திரும்பிப் பார்த்தார்கள். காது கேளாதவரின் உரத்த குரல் அல்லவா. எனக்கு அன்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே பெருமையாக இருந்தது.

சரியான சதவீதம் வந்தது, காதுக்கு மட்டும். ஓய்வூதியமும் வந்தது.

இன்றும் யாராவது "நல்லா இருக்கறனுங்க" என்றால் நான் உடனே எழுதிக்கொள்வதில்லை. கொஞ்சம் நகர்ந்து நின்று இன்னொரு தரம் கேட்கிறேன். எழுதும்போது, உண்மைக்கு மேலே ஒரு வரி நுழையப் பார்த்தால் உங்கள் முழங்கால் ஞாபகத்துக்கு வருகிறது. அந்த வரியை அடித்துவிடுகிறேன்.