உனக்கு வலிக்காத எறும்புகள்

இன்று காலை பயத்தங்கொடிக்குச் சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். துணி துவைக்கும் கட்டிச் சோப்பைச் சீவிக் கரைத்த தண்ணீர். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், முதுகுக்குப் பின்னால் நீ நின்று சிரிப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. ஆளில்லாத இடத்தை இந்த வயதில் திரும்பிப் பார்த்தால், யாராவது கண்டுவிடுவார்களோ என்ற கூச்சம்.

"எறும்பக் குளிப்பாட்டுறான் பாரு கிராணி" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாய். நான் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன் என்பதால், என் பெயரையே மறந்துவிட்டு என்னைக் கிராணி என்றுதான் கூப்பிட்டாய். நீ செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன். ஒரே எஸ்டேட் லயத்து வீடுகளில் பிறந்து, வேலை முடிந்த பிறகு கோலா சிலாங்கூருக்கு வெளியே ஒரே தாமான் குடியிருப்பில் வீடு வாங்கினோம். வீடுகளுக்குப் பின்னால், வடிகால் ஓரமாகச் சும்மா கிடந்த நிலத்தில் சேர்ந்து பாத்தி கட்டினோம். பயத்தங்காய், வெண்டை, கத்தரி போட்டோம். எறும்பு, நாம் போடாமலே வந்தது.

அதை விரட்டும் விஷயத்தில் நாம் ஒத்துப்போனதே இல்லை. கூட்டைக் கண்டால் உனக்கு மண்ணெண்ணெய்தான். ஒருமுறை ஊற்றிக் கொளுத்தி, எறும்போடு நல்ல கத்தரிச் செடிகளையும் கருக்கிவிட்டாய். "எறும்பு போச்சா இல்லையா, அதச் சொல்லு" என்று வாதாடினாய். நான் முதலில் எறும்புச் சாரியின் பின்னாலேயே போய்ப் பார்ப்பேன். கொடியின் நுனியில் அப்பிக் கிடக்கும் அசுவினிப் பூச்சிக்காக வருகிறதென்றால், அசுவினியைச் சோப்புத் தண்ணீரால் கழுவிவிடுவேன். மண்ணுக்குள் கூடு இருந்தால், கிளறிவிட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றி ஈரமாகவே வைத்திருப்பேன். நெருப்பெறும்புக்கு அந்த ஈரம் பிடிக்காது. வேறிடம் பார்த்துப் போய்விடும். பெரும்பாலும் உன் வெண்டைப் பாத்திக்குத்தான் போகும்.

"டிரான்ஸ்பர் ஆர்டர் குடுத்து எல்லாத்தையும் என் பக்கம் அனுப்பிட்டியே லா" என்பாய்.

அன்றும் அந்த வழக்கைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். நீ வெறுங்காலோடு பாத்திக்குள் நின்று வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தாய். தற்செயலாகக் கீழே பார்த்தேன். கூட்டின் மேலேயே நின்றிருந்தாய். இடது பாதம் முழுக்க நெருப்பெறும்பு. விரலிடுக்கெல்லாம் மொய்த்திருந்தது. கையை மட்டும் நீட்டிக் காட்டினேன். நீ குனிந்து, சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டுவதுபோல் அவசரமில்லாமல் தட்டிவிட்டாய். அப்போதுதான் பெருவிரலுக்கு அடியில் இருந்த புண் தெரிந்தது. புதிய புண் அல்ல. ஓரமெல்லாம் கறுத்திருந்தது.

வலிக்கவில்லையா என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளாவே காலு மரக்கட்ட மாதிரிதான் இருக்கு. இனிப்பு நீரு வியாதின்னா அப்படித்தான்" என்றாய். அடுத்த காயை முறித்துக்கொண்டே, "வீட்ல சொல்லிடாத. தெரிஞ்சா அவ இந்தப் பக்கமே விட மாட்டா" என்றாய்.

சரி என்று தலையாட்டினேன். நீ என்ன சொன்னாலும் தலையாட்டிப் பழக்கம். ஆனால் சாயங்காலம் உன் மோட்டார் சைக்கிள் வாசலில் இல்லாத நேரமாகப் பார்த்து உன் வீட்டுக்கு நடந்தேன். கேட்டைத் தாண்டிப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் தாண்டிப் போனேன். துணி எடுக்க வெளியே வந்த உன் மனைவிதான் என்னண்ணே என்று கேட்டாள். அவள் கேட்டிருக்காவிட்டால் சொல்லியிருப்பேனா என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பெருவிரலை எடுத்தார்கள். கால் தப்பியது. கொஞ்சம் தாமதித்திருந்தால் காலை முழங்காலோடு எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக உன் மனைவி சொன்னாள். நான் பார்க்க வந்தபோது நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். வீட்டுக்கு வந்த பிறகும் பேசவில்லை. நான் வைத்துவிட்டுப் போன பயத்தங்காயைச் சமைத்துச் சாப்பிட்டாய் என்று மட்டும் தெரிந்தது. தனியாகப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றும்போது, ஒரு காலைக் காப்பாற்றப் போய் ஒரு சிநேகிதனைத் தொலைத்துவிட்டோமோ என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு ஒரு காலையில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்து நின்றாய். "பாம்புக்குப் போடுற பூட்ஸ எறும்புக்குப் போட வெச்சிட்ட. சந்தோஷமாடா கிராணி?" என்றாய். சமாதானப் பேச்சு அவ்வளவுதான்.

அந்த பூட்ஸைப் பாத்தி ஓரத்துத் தகரக் கொட்டகையிலேயே விட்டுவிட்டுப் போவாய். அதற்குள் எறும்பு ஏறினால் உனக்குத் தெரியாதே என்ற கவலை எனக்குப் பிடித்துக்கொண்டது. அதனால் உனக்கு முன்பே வந்துவிடுவேன். பூட்ஸைக் கவிழ்த்து உதறி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பேன். புதுக்கூடு ஏதும் கிளம்பியிருக்கிறதா என்று பாத்தி ஓரமெல்லாம் குச்சியால் கிளறிப் பார்ப்பேன். உன்னிடம் சொல்லவில்லை. நான் என்ன சின்னப் பிள்ளையா என்று கோபித்துக்கொள்வாய். நல்லவேளையாக நீ தினமும் வெயில் ஏறிய பிறகுதான் வந்தாய். தூங்கிவிட்டேன் என்பாய்.

நீ போனது நெஞ்சுவலியில். கால்கள் இரண்டும் உன்னோடுதான் இருந்தன. காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு, உன் மனைவி எனக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அவருக்குத் தெரியும்ணே" என்றாள். "இருட்டோட எந்திரிச்சிருவாரு. ரெண்டாவது தேத்தண்ணியும் குடிச்சிட்டு வாசல்லயே உக்காந்திருப்பாரு. போகலையான்னு கேட்டா, 'இரு, கிராணி என் பூட்ஸ உதறி முடிக்கட்டும். இப்பப் போனா வெக்கப்படுவான்'னு சொல்வாரு."

தேத்தண்ணி ஆறிப்போகும் வரை கையிலேயே வைத்திருந்தேன்.

போன வாரம் சந்தையில் மீன் வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர், சிலிப்பர் போட்ட காலில் புண். ஈ உட்கார்ந்திருந்தது, அவர் காலை அசைக்கவேயில்லை. முன்பின் தெரியாத ஆள். தோளைத் தொட்டு, அந்தக் காலை டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொன்னேன். யாரும் கேட்காமலே முழுதாகச் சொல்லிவிட்டேன். உங்களுக்கென்ன வந்தது என்று கோபமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

போகட்டும். கோபம் ஆறும், கால் இருக்க வேண்டும்.