வாயில் வராத மருந்துப் பெயர்

நவம்பர் 18, செவ்வாய்

இரவெல்லாம் தூறல். எழுந்ததும் முதல் வேலையாகக் கடை ஷட்டரைத் தூக்கி, ஒழுகும் மூலையிலிருந்து யூரியா மூட்டைகளை இழுத்துப் போட்டேன். இடுப்பு வலி. பிறகு சுள்ளென்று வெயில். எங்கு பார்த்தாலும் நெல்லில் இலைச்சுருட்டுப் புழு, கடையில் பூச்சிமருந்துக்குக் கூட்டம்.

மதியம் அமுதா போன். நேற்று என்னிடம் மருந்து வாங்கிப்போன செல்வத்தின் மனைவி. வயலில் அடித்துக்கொண்டிருந்தவர் மயங்கி விழுந்துவிட்டார். வாந்தி. நன்னிலம் ஆஸ்பத்திரி. பாட்டில் வயலிலேயே கிடக்கிறதாம். டாக்டர் போனை வாங்கினார்.

"பிராண்ட் பேரு வேணாம்மா. உள்ள என்ன கெமிக்கல்? லேபிளப் படிங்க."

அதே மருந்து அலமாரியில். எடுத்தேன். லேபிளில் ஆங்கிலத்தில் இரண்டு பெயர்கள், ஒவ்வொன்றும் ரயில் நீளம். "குளோரா... குளோரன்..." கவுண்டரில் காதர் பாய், இன்னும் இரண்டு பேர். என்னை 'கெமிஸ்ட்ரி அக்கா' என்று கூப்பிடுகிறவர்கள். கடைப் பலகையில் என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. வேதியியல்.

"சிக்னல் இல்ல சார்." கட் செய்துவிட்டேன்.

காதர் பாய் சிரித்தார். "என்னம்மா, இங்கேருந்து துபாய்ல என் பையன்கிட்ட பேசுறேன். நன்னிலத்துக்குக் கிடைக்கலையா?"

லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். ஆனால் சிக்னல் இல்லை என்றவள் அவர்கள் கண்முன் எப்படி அனுப்புவது? போன் கையில் அதிர்ந்தது. அமுதா. எடுக்கவில்லை. பில் போட்டேன். சில்லறை கொடுத்தேன். மூவரும் படி இறங்கிய பிறகுதான் அனுப்பினேன்.

19, புதன்

செல்வத்துக்கு நினைவு வந்துவிட்டது. டிரிப்ஸ் ஏறுகிறதாம்.

பள்ளியில் தமிழ் வழி. கல்லூரியில் இப்படிப்பட்ட பெயர்களைப் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினேன். ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

யூடியூபில் ஒரு பெண் உடைத்து உடைத்துச் சொல்கிறாள்.

குளோர் / ஆன் / ட்ரா / நில் / இ / ப்ரோல்
லாம் / டா, சை / ஹா / லோ / த்ரின்

நான் நி, லி என்று வெட்டுகிறேன். அவள் 'நில்' என்று அழுத்தி நிறுத்தி, அப்புறம்தான் 'இ'. சாம்பார் கொதிப்பதற்குள் நாக்குக்கு வந்துவிட்டது. இவ்வளவுதானா! அதுதான் தாங்கவில்லை.

21, வெள்ளி

மேகமூட்டம். அமுதா கடைக்கு வந்தாள். செல்வம் வீடு திரும்பிவிட்டார். விரல்களில் மதமதப்பு இன்னும் போகவில்லை.

"உங்க போட்டோ வந்த பெறகுதான்க்கா என்ன மருந்துன்னே தெரிஞ்சுது. நீங்க இல்லன்னா அவ்வளவுதான். எத்தன தடவ அடிச்சேன், எடுக்கவே இல்ல. பாழாப்போன டவரு!"

கொல்லையில் பறித்த அவரைக்காய், ஒரு பை நிறைய. "எதுக்கு இதெல்லாம்" என்றேன். வாங்கிக்கொண்டேன்.

காதர் பாய் பெஞ்சில்தான் இருந்தார். என்னைப் பார்த்தார். சிரித்திருந்தால் தேவலை.

நாளை கடை திறக்குமுன் அமுதா வீட்டுக்குப் போகிறேன். டவர் மேல் தப்பில்லை, போன் என் கையில்தான் இருந்தது, படிக்க வராமல் வெட்கப்பட்டு வைத்துவிட்டேன் என்று செல்வம் முன்னாலேயே சொல்வேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் வியாபாரம் போகும் என்று தடுப்பார்.