கேசட் ஏறும் நேரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். அதைக் கேட்டுத் தினமும் போன் செய்யாதே.

நீ வளர்ந்த பிறகு, அம்மா இருந்தவரை பரணிலேயே கிடந்த என் பழைய கம்ப்யூட்டர்களை இறக்கிவிட்டேன். "உங்கப்பா குப்பை சேர்க்கிறாரு" என்பாளே, அதேதான். போன வாரம் பழைய சாமான் கடையில் இன்னொன்றும் வாங்கினேன். துடைத்து டிவியில் மாட்டியதும் உயிர் வந்து, அந்தக் காலத்து நீலத்திரை தெரிந்தது. வெகுநாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

உனக்கு நினைவிருக்கும். கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு விளையாட்டு ஏறும்போது சமையலறையில் மிக்ஸி ஓடினால் கரண்ட் தள்ளாடி எல்லாம் பாழாகும். மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். என்னோடு சண்டை போட்ட நாளில் அம்மா வேண்டுமென்றே ஓட்டுவாள்.

நேற்றும் கேசட்டைப் போட்டுவிட்டுப் பழக்கதோஷத்தில், "கொஞ்ச நேரம் மிக்ஸி போடாதே" என்று குரல் கொடுத்துவிட்டேன்.

முதல் தடவையிலேயே பிழையில்லாமல் ஏறிவிட்டது.

அப்பா